ரீகர்வ் வில்வித்தை, மகளிர் தனிநபர் (காமன்வெல்த் போட்டி, 2010)

முனைகள் முன்புறம் வளைந்த ரீகர்வ் வில்லைக்கொண்டு, 70 மீட்டர் தொலைவில் நிறுத்திய 122 செ.மீ. விட்டமுள்ள இலக்கில், 12.2 செ.மீ. அளவேயான பத்துப்புள்ளி வட்டத்தைக் குறிவைத்து மகளிர் தனித்தனியே மோதும் பிரிவு. அம்பின் கூர் கிளிக்கர் என்னும் மெல்லிய தகட்டைக் கடக்க, அது 'டக்'கென்று ஒலிக்கும் கணத்திலேயே நாணை விடுவிக்கும் ஏகாக்கிரதையே இவ்வித்தையின் ஜீவநாடி. 1982-இல் பிரிஸ்பேனில் இடம்பெற்றுப் பின்னர் நெடுங்காலம் விடுபட்டிருந்த வில்வித்தை, 2010-இல் தில்லிப் போட்டியில் மீண்டும் சேர்க்கப்பட்டபோது, ராஞ்சிப் பகுதியில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்த 16 வயதுத் தீபிகா குமாரி, ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றிருந்த இங்கிலாந்தின் அனுபவசாலி அலிசன் வில்லியம்சனை இறுதியாட்டத்தில் வென்று தங்கம் பெற்றது மகத்தான சாதனையாகும். வெண்கலம் மற்றோர் இந்திய வீராங்கனையான டோலா பானர்ஜிக்குக் கிட்டியது. தீபிகாவும் டோலாவும் சக வீராங்கனை பொம்பய்லா தேவியுடன் இணைந்து குழுத் தங்கத்தையும் ஈட்டினர்.