பால் வற்றிய மரத்தின் நெருப்பு

இரத்தினபுரி மாவட்டத்து எஹலியகொடப் பகுதியில் தொழிற்சாலை அடுப்புகளை நெடுங்காலம் எரியவைத்தது பால் வற்றிய இறப்பர் மரம். 1876இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்த கன்றுகளே இலங்கை இறப்பரின் தொடக்கம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இறப்பர் சப்ரகமுவ மலைச்சரிவுகளில் பரவியது. 1912இல் எஹலியகொட வழியாக இரத்தினபுரியை எட்டிய குறும்பாதை ரயில் தோட்டங்களைக் கொழும்போடு இணைத்தது.

இங்கே மழை அதிகம். பாலை அமிலம் விட்டு உறையவைத்து, ரோலரில் கொடுத்து எடுக்கும் சீட் அந்த ஈரக் காற்றில் காயாது, பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால்தான் புகைக்கூடம் வந்தது. மூங்கில் கம்புகளில் சீட்டுகளைத் தொங்கவிட்டு, கீழே இறப்பர் விறகை மூட்டி, சுமார் 50 முதல் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நான்கைந்து நாள் வைப்பார்கள். வெப்பம் ஈரத்தை எடுக்கும். புகையில் உள்ள பொருள்கள் பூஞ்சணத்தைத் தடுக்கும். இரண்டும் வேண்டியிருந்ததால் இங்கே விறகுக்கு மாற்று எளிதில் கிடைக்கவில்லை. இரவிலும் தீயைக் கூடாமலும் குறையாமலும் காத்த தொழிலாளியின் கைத்திறனே சீட்டின் தரத்தைத் தீர்மானித்தது.

தேயிலைத் தொழிற்சாலையின் தேவை வேறு. நூறு கிலோ கொழுந்தில் இருபது கிலோவுக்குச் சற்று மேல்தான் தேயிலையாகும். மிச்சம் பெரும்பாலும் நீர். அதைப் போக்க வெப்பம் வேண்டும், ஆனால் புகை வாடை பட்டால் சரக்கே கெட்டுவிடும். எனவே உலைச் சூட்டில் காற்றைத் தனியே சூடாக்கி உலர்த்திக்குள் செலுத்தினார்கள். எரிந்தது இங்கும் பெரும்பாலும் இறப்பர் விறகுதான். எண்ணெய்க்கு மாறியிருந்த தொழிற்சாலைகள் பல, 1973இன் விலையேற்றத்துக்குப் பிறகு விறகுக்கே திரும்பின.

விறகு தாராளமாகக் கிடைத்ததற்குக் காரணம் மறுநடுகை. இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் குறைந்த மரங்கள் மொத்தமாக வெட்டப்படும். மாச்சத்து மிகுந்த அந்த மரத்தை வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சையும் வண்டும் தாக்கும். ஆகவே தச்சர்கள் அதைத் தொடவில்லை. போரன் உப்பில் பதப்படுத்தும் முறை பரவிய பின் நிலைமை மாறியது. அடிமரம் தளபாடத்துக்குப் போனது. உலைக்கு எஞ்சியவை கிளைகளும் சிலாம்புகளும் மரத்தூளும். 2005இல் விரைவாக வளரும் விறகு மரமான கிளிரிசீடியாவை அரசு நாட்டின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்ததற்கு இத்தகைய விறகுத் தேவையும் ஒரு காரணம்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் அடுப்புகளும் அதே இறப்பர் மரத்தின் சுள்ளிகளையே நம்பியவை. கழிவு மரம் முழுவதையும் உலைக்கு ஒதுக்கும் எந்தத் திட்டமும் அந்த அடுப்புகளுக்கு உரிய பங்கை முதலில் எடுத்துவைக்க வேண்டும்.