இழுக்கும் கல்லுக்குக் காரணம் பிறந்த கதை

மழை ஓய்ந்த மறுநாள் கஞ்சமலை அடிவாரத்து ஓடைகளில் மணலின் மேல் கறுப்பாக ஒரு கோடு படிந்திருக்கும். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதன்மேல் ஓட்டினால், கருமணல் சிலிர்த்து எழுந்து ஒட்டிக்கொள்ளும். மேக்னடைட் என்னும் இரும்புத் தாது அது. சேலத்து உருக்கு இதிலிருந்து வந்ததுதான். 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஹீத் என்ற ஆங்கிலேயர் இந்த வட்டாரச் செய்முறையை எழுதி வைத்தார். இரும்புத் துண்டோடு ஆவாரங்கட்டையை நறுக்கிப் போட்டு, எருக்கிலையால் மூடி, மண் மூசையின் வாயை அடைத்து உலையில் வைப்பார்களாம். சித்த வைத்தியர்களோ காந்தத்தைப் புடம் போட்டுச் செந்தூரமாக்கிச் சோகைக்குக் கொடுத்தார்கள்.

அது சரி, இந்த இனத்துக் கல் ஏன் இரும்பை இழுக்கிறது? நம் நாட்டு வைசேஷிகத் தத்துவவாதிகள், ஊசி காந்தத்தை நோக்கிப் போவதற்குக் கண்ணுக்குப் புலப்படாத காரணம் ஒன்று உண்டென்று சூத்திரம் எழுதிவிட்டு மேலே போய்விட்டார்கள். கிரேக்கர்கள் விடவில்லை. ஏழெட்டு நூற்றாண்டு மல்லுக்கட்டினார்கள்.

ஆரம்பித்து வைத்தவர் மிலேட்டஸ் நகரத்துத் தேலீஸ், கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. கல் இரும்பை அசைக்கிறது, ஆகவே அதற்கு உயிர் உண்டு என்றார். அவர் எழுத்து எதுவும் மிஞ்சவில்லை. அரிஸ்டாட்டில் சொல்லித்தான் நமக்குத் தெரியும். கேட்கச் சிரிப்பு வரலாம். ஆனால் காரணத்தை அவர் கல்லுக்குள்ளேயே வைத்தார். அதனால்தான் அடுத்தவன் வந்து மறுக்க முடிந்தது. எம்பெடாக்ளீஸ், கல்லிலிருந்தும் இரும்பிலிருந்தும் ஏதோ கசிந்து நுண்துளைகள் வழியே பாய்கிறது என்றார். அப்பல்லோனியாவின் டயோஜீனஸ், இரும்பின் ஈரத்தைக் கல் உறிஞ்சுகிறது என்றார். டெமாக்ரிட்டஸ் அணுக்களைக் கொண்டுவந்தார்.

இந்தச் சண்டையில் பிற்பாடு குதித்தவர் ஒரு வைத்தியர் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். கி.பி. 129-ல் பிறந்த கேலன். யூனானி வைத்தியர்கள் ஜாலினூஸ் என்று கொண்டாடும் அதே ஆள். அவருக்குக் காந்தத்தின் மேல் தனி ஆசை கிடையாது. சிறுநீரகத்துக்காக வாதாட வந்தவர். குடித்த நீர் ஆவியாகி நேரே மூத்திரப்பையில் சேர்கிறது என்று அவருக்கு முந்தைய வைத்தியர் அஸ்கிளிப்பியாடீஸ் சொல்லியிருந்தார். கேலன் உயிருள்ள மிருகத்தின் சிறுநீர்க் குழாய்களைக் கட்டிவிட்டு, பை காலியாகவே கிடப்பதைக் காட்டினார். சிறுநீரகம் தனக்கு உரியதை இழுத்துக்கொள்கிறது, காந்தம் இரும்பை இழுப்பதுபோல என்றார்.

எல்லாவற்றுக்கும் அணுக்களைக் காரணம் சொன்ன எபிக்யூரஸ் என்ற தத்துவவாதியின் கட்சிக்காரர்களுக்கு இழுப்பு என்ற பேச்சே ஆகாது. கல்லின் அணுக்கள் இரும்பில் மோதித் திரும்பி, ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்கின்றன என்பது அவர்கள் கணக்கு. கேலன் தான் கண்ணால் பார்த்ததை எடுத்துப் போட்டார்: காந்தக் கல்லில் ஓர் இரும்பு எழுத்தாணி, அதன் நுனியில் இன்னொன்று, அப்படியே ஐந்து எழுத்தாணிகள் தொங்கின. கல்லைத் தொட்டது முதலாவது மட்டும். உங்கள் கொக்கி முதல் எழுத்தாணியிலேயே மாட்டிக்கொண்டால் ஐந்தாவதைப் பிடித்திருப்பது எது?

வாதத்தில் ஜெயித்தவர் கேலன்தான். ஆனால் அவர் தந்த விடை, இழுக்கும் சக்தி இருப்பதால் இழுக்கிறது என்பதற்கு மேல் போகவில்லை. கல்லுக்குள் இருக்கும் நுண்துகள்களில் தேட வேண்டும் என்ற திசையைக் காட்டியவர்கள் தோற்ற கொக்கிக்காரர்கள்தான் என்பேன்.

மேக்னடைட்டுக்குச் சரியான கணக்கை 1948-ல் பிரான்சின் லூயி நீல் போட்டார். அதற்குள் இருக்கும் இரும்பு அயனிகள் இரண்டு அணிகளாக நின்று, ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பிய சிறு காந்தங்களாக இருக்கின்றன. இரண்டும் சமபலமல்ல, சரிக்கட்டியது போக மிஞ்சுவதுதான் வெளியே இழுப்பாகத் தெரிகிறது. 1970-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.