உயரம் காப்பாகுமா? மன்னார்க் காற்றாலைகளும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும்

மன்னார்த் தீவின் தெற்குக் கரையில், ஓலைத்தொடுவாய்ப் பக்கமாக நீளும் தம்பபவனி காற்றாலை நிலையம் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. அதன் 30 சுழலிகளும் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் இயந்திரக் காப்பு ஏற்பாடுகளை நிறைவுசெய்கின்றனவா? பொதுவாகக் கூறப்படும் விடை இதுதான்: சுழலும் பாகங்கள் மனிதர் கைக்கு எட்டாத உயரத்தில் உள்ளன, ஆகவே அவை "அமைவிடத்தாலேயே பாதுகாப்பானவை", தனிக் காப்பு வேண்டியதில்லை. இந்த வாசிப்பு பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமைவிட விதிவிலக்கு சட்டத்தில் உண்டு. ஆனால் எங்கே உண்டு என்பதைத்தான் பார்க்க வேண்டும். பிரித்தானியாவின் 1937 தொழிற்சாலைகள் சட்டத்தை அடியொற்றி எழுந்த இந்த ஏற்பாடுகள் இயந்திரங்களை வகைப்படுத்துகின்றன. மின்பிறப்பாக்கிகள், மின்மோட்டார்கள், விசை கடத்தும் பொறிகள், ஏனைய அபாயமான பொறிகள் ஆகியவற்றுக்கு அவ்விதிவிலக்கு வெளிப்படையாகத் தரப்பட்டுள்ளது. மின்சாரம் சாராத மூல இயக்கிகளுக்கு அது தரப்படவில்லை. அவற்றின் அசையும் ஒவ்வொரு பாகமும் பாதுகாப்பாக மறைக்கப்பட வேண்டும் என்று மட்டுமே சட்டம் கூறுகிறது. காற்றிலிருந்து இயக்க ஆற்றல் தரும் சாதனமும் மூல இயக்கியே. 126 மீற்றர் விட்டமுள்ள சுழலகமும் அதன் பிரதான அச்சும் இவ்வகையைச் சேர்ந்தவை. பின்னால் நிற்கும் மின்பிறப்பாக்கிக்குரிய சலுகையை முன்னால் சுழலும் இறகுகளுக்கு நீட்டியதே பழைய வாசிப்பின் பிழை. மின் நிலையம் தொழிற்சாலை அல்ல என்ற மறுப்பு நெடுநேரம் நிற்காது; மனிதர் உள்ளே ஏறிப் பணிபுரியும் நிலையத்தை விலக்கக் காரணமில்லை.

அமைவிட வாதத்தை ஒருகணம் ஏற்றாலும் அது தன் சோதனையிலேயே தோற்கிறது. பாதுகாப்பை அளக்கவேண்டியது கரையில் நிற்பவரை வைத்தல்ல. அவ்விடத்தில் வேலை செய்பவரை வைத்தே. பராமரிப்பாளர் கோபுரத்தினுள் ஏறிப் பொறிக்கூட்டை அடைந்ததும் உயரம் தரும் காப்பு மறைந்துவிடுகிறது. அங்கே அச்சும் கியர் பெட்டியும் அவருக்குக் கைதொடும் தூரத்தில் இருக்கின்றன.

எதிர்த்தரப்பின் வலுவான ஆதாரம் 1955இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்த்த ரிச்சர்ட் தோமஸ் அன்ட் போல்ட்வின்ஸ் எதிர் கமிங்ஸ் வழக்கு. பழுதுபார்ப்பதற்காகக் கையால் நகர்த்தப்பட்ட இயந்திரம் "இயக்கத்திலோ பாவனையிலோ" இல்லை என்று அதில் முடிவானது. பாகங்கள் அந்நிலைகளில் இருக்கும்போதே காப்பு நிலைத்திருக்க வேண்டும், ஆகவே பராமரிப்பின்போது அதை அகற்றலாம் என்கிறார்கள். ஆனால் அந்த அசைவு தொழிலாளரின் கையில் இருந்தது. பூட்டப்படாத சுழலகத்தை அசைப்பதோ காற்று. அது பராமரிப்பாளர் சொல் கேட்காது. இவ்வேறுபாடு இலங்கை நீதிமன்றமொன்றில் எடுபடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், கமிங்ஸ் தீர்ப்பை இங்கே அப்படியே பொருத்த முடியாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இறகுகளைச் சுற்றிக் கூண்டு கட்ட முடியுமா என்று கேட்கலாம். முடியாது. ஆயினும் அதே 1955இல் ஜோன் சமர்ஸ் எதிர் ஃப்ரொஸ்ட் வழக்கில், அரைக்கும் சில்லை முற்றாக மறைத்தால் அது பயன்படாது என்ற வாதம் கடமையைத் தளர்த்தவில்லை. பின்னர் பிரித்தானியா 1970இல் அச்சில்லுகளுக்கெனத் தனி ஒழுங்குவிதிகளை இயற்றியது. சட்டம் நடைமுறைக்கு ஒவ்வாதபோது அதைத் திருத்தும் வழி அதுவே. வாசிப்பால் மழுங்கடிப்பது வழியல்ல.

இதன் விளைவு பரிசோதனையில்தான் கூர்மையாகத் தெரிகிறது. உயர்த்திகளும் தூக்கும் கயிறுகளும் சங்கிலிகளும் குறித்த கால இடைவெளிகளில் முழுமையாகச் சோதிக்கப்பட வேண்டும் எனக் கட்டளைச் சட்டம் விதிக்கிறது. பராமரிப்பாளரை மேலே கொண்டுசெல்லும் உயர்த்தி இவ்வாறு கண்காணிப்புக்குள் வருகிறது. மேலே அவர் உயிரைக் காக்கும் சுழலகப் பூட்டுக்கு அத்தகைய சட்டபூர்வச் சோதனை இல்லை. உயரமே காப்பு என்று ஏற்கும்வரை இவ்விடைவெளி கண்ணில் படாது.

எனவே காற்றுச் சுழலிகளுக்கெனச் சிறப்பு ஒழுங்குவிதிகள் தேவை. பொறிக்கூட்டுக்குள் நுழையுமுன் சுழலகத்தைப் பூட்டுவது கட்டாயமாக வேண்டும். பூட்டையும் தடையையும் உற்பத்தியாளரோ பராமரிப்பு ஒப்பந்தக்காரரோ அல்லாத தகுதிவாய்ந்த பொறியியலாளர் சோதிக்க வேண்டும். அந்தப் பதிவேடு தொழில் திணைக்களப் பரிசோதகர் கேட்டவுடன் பார்க்கக்கூடியவாறு நிலையத்திலேயே இருக்க வேண்டும். மன்னாரில் இன்னும் சுழலிகள் எழுமானால், இவ்விதிகள் அவற்றின் அனுமதிக்கு முன்னரே வருவதுதான் முறை.