வன்தட்டிடம் பெயர் கேட்கிறது ஆர்?

ஒவ்வொரு வன்தட்டுக்குள்ளேயும் தொழிற்சாலை எழுதி அனுப்பிய ஒரு அடையாளம் இருக்கிறது. ஏடிஏ வகைத் தட்டிடம் "நீ ஆர்?" எண்டு கேட்க ஒரு கட்டளை உண்டு, பதிலாக 512 பைட் வரும். அதில் 20 எழுத்து தொடரிலக்கத்துக்கு, 40 எழுத்து மாதிரிப் பெயருக்கு. எழுத்துகள் சோடி சோடியாக இடம்மாறி வரும். ஏ, பி, சி, டி எண்டு எழுதினது நேராக்காமல் வாசித்தால் பி, ஏ, டி, சி ஆகத்தான் தெரியும். இந்தப் பதிலைக் கேர்னல் வாங்கி, வெளியே ஆருக்கு, எந்த வழியால் சொல்லுகிறது? லினக்ஸில் இதுக்கு ஒரு நீண்ட கதை இருக்கு.

ஆரம்பத்தில் தட்டின்ர பெயர் அது இருந்த இடந்தான். ஐடிஇ கேபிளில் முதல் இடத்தில் இருப்பது எச்டிஏ, அடுத்தது எச்டிபி. ஸ்கசி தட்டுகளுக்கு, கண்டுபிடிக்கப்படும் வரிசையில் எஸ்டிஏ, எஸ்டிபி. யூஎஸ்பி வந்து தட்டுகளைக் கழற்றி மாட்டத் தொடங்கின பிறகு இது பெரிய தலையிடி. நேற்று எஸ்டிபி, இண்டைக்கு எஸ்டிசி. பிழையான பெயருக்கு ஃபோர்மட் கட்டளை குடுத்தால் போனது போனதுதான்.

2001 இல் வந்த 2.4 பதிப்பில் ரிச்சர்ட் கூச் எழுதிய டெவ்எஃப்எஸ் இருந்தது. ஆனால் பெயர் வைக்கும் விதிகளும் கேர்னலுக்குள்ளேயே கிடந்தன. 2003 இல் கிரெக் குரோ-ஹார்ட்மன் யூடெவ்வைக் கொண்டுவந்தார். கேர்னல் தனக்குத் தெரிந்ததை சிஸ்எஃப்எஸ் வழியாகச் சொல்லட்டும், பெயரை வெளியே இருக்கிற நிரல் வைக்கட்டும் என்பது அதன் யோசனை. எங்கள் கணிப்பில் முழுக் கதையிலும் ஆகச் சிறந்த முடிவு இதுதான். 2006 இல் டெவ்எஃப்எஸ் நீக்கப்பட்டது. அடுத்த வருசம் ஃபெடோரா 7 போன்ற வெளியீடுகளில் எச்டிஏ எல்லாம் எஸ்டிஏ ஆக மாறியபோது, பழைய பெயரை நம்பி எழுதின அமைப்புக் கோப்புகளைத் திருத்தவேண்டி வந்தது.

தொடரிலக்கத்தை அறிய, யூடெவ்வின் துணைநிரல்கள் ரூட் அதிகாரத்தோடு தட்டிடமே போய்க் கேட்டன. 2014 இல், 3.15 பதிப்பில், ஸ்கசி தட்டுகளின் அடையாளப் பக்கங்களைக் கேர்னலே வாசித்து சிஸ்எஃப்எஸ்ஸில் கோப்பாக வைக்கத் தொடங்கியது. ஒரு வேடிக்கை: சில மலிவான யூஎஸ்பி தட்டுகள் இந்தக் கேள்வியைக் கேட்டாலே உறைந்துபோகும். அதனால் பழைய யூஎஸ்பி டிரைவர் கேட்காமலே விட்டுவிடுகிறது.

எங்களுக்குச் சரியாகப் படாத இடம் இதுக்குப் பிறகுதான். அந்தக் கோப்புகளை எந்தப் பயனரும் வாசிக்கலாம். அதே கேர்னல், மதர்போர்ட் தரும் தொடரிலக்கத்தை ரூட்டுக்கு மட்டுந்தான் காட்டுகிறது. 1999 இல் இன்டெல் பென்டியம் 3 இல் ஒரு தொடரிலக்கம் வைத்தபோது, தனியுரிமைக்காகப் பேசியவர்கள் புறக்கணிப்புக்கே அழைப்பு விடுத்தார்கள். லினக்ஸ் அதைக் கணினி தொடங்கும்போதே அணைத்தது. அணைக்கிற அந்தச் செயலியின் பெயரைத் தமிழில் சொன்னால் "அந்த முட்டாள் தொடரிலக்கத்தை நசுக்கு". கேர்னல் எழுதுகிறவர்களுக்கும் கோபம் வரும்!

சிப்பில் இருந்த இலக்கத்துக்கு அவ்வளவு எதிர்ப்பு, தட்டில் இருக்கிறதுக்கு அப்படியொரு ஆரவாரம் இல்லை. தட்டு இலக்கத்துக்கு ஒரு நல்ல வேலை இருந்தது, அதுதான் காரணம் எண்டு நினைக்கிறோம்: அது எங்கட தரவைப் பிழையான அழிப்பில் இருந்து காப்பாற்றியது. ஆனால் இயங்குதளத்தை அழித்துத் திரும்ப நிறுவினாலும் அது மாறாது. சாதாரண அனுமதியோடு ஓடும் ஒரு நிரல் அதைப் படித்து, பழைய ஆளைத் திரும்ப அடையாளம் காணலாம். தட்டுகளைப் பிரித்தறிய உண்மையான இலக்கமே தேவையில்லை. அதில் இருந்து கணித்த, ஒவ்வொரு நிறுவலுக்கும் வேறுபடும் ஒரு பெயரை எல்லாருக்கும் குடுத்து, அசலை ரூட்டுக்கு மட்டும் விட்டிருக்கலாம். புது என்விஎம்ஈ தட்டுகளுக்கும் சிஸ்எஃப்எஸ்ஸில் தொடரிலக்கத்துக்கு ஒரு தனிக் கோப்பு இருக்கிறது. அதுவும் எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கு.