மேசை வந்த கதை

'மேசை' என்ற சொல் நம்முடையதல்ல. ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் வந்த அதே போர்ச்சுகீசியக் கப்பலில் வந்து இறங்கியது. நாற்காலி மட்டும் நாமே வைத்த பெயர். அப்படியானால் அதற்கு முன் நம்மவர்கள் எதன்மேல் வைத்து எழுதினார்கள்?

எதன்மேலும் வைக்கவில்லை என்பதுதான் பதில். ஓலையை இடது கையில் பிடித்து, வலது கையில் எழுத்தாணி. இடது கட்டைவிரல்தான் எழுத்தாணிக்கு முட்டுக்கொடுக்கும். அதற்கென்றே அந்த விரல் நகத்தில் ஒரு பள்ளம் வெட்டி வைத்திருப்பார்கள். திண்ணையோ மரத்தடியோ, உட்கார இடம் இருந்தால் போதும்.

காகிதமும் மையும் வந்தபிறகுதான் கைக்குக் கீழே ஒரு பலகை தேவைப்பட்டது. அதையும் நம்மவர்கள் தரையைவிட்டு எழுந்திருக்காமலே சமாளித்தார்கள். கணக்குப்பிள்ளையின் சாய்வு மேசை நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஒரு முழ உயரம்கூட இராது. மூடியைத் தூக்கினால் உள்ளே பேரேடு, மைக்கூடு, சில்லறை. கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ராமானுஜனுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. திண்ணையில் சம்மணமிட்டு, மடியில் சிலேட்டை வைத்துக் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழித்துவிடுவார். காகிதம் விலை அதிகம். அதனால் விடையை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டுகளை டாடா ஆராய்ச்சி நிறுவனம் 1957இல் அப்படியே படமெடுத்து அச்சிட்டது. வழிமுறையைத் தேடி இன்றும் கணித மேதைகள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்!

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், நானும் ஒரு மேசை செய்தேன். முழங்கால் இரண்டும் தரையில் உட்கார மறுத்துவிட்டன. கடையில் விற்பதெல்லாம் அமுக்கிய மரத்தூள் பலகை. ஒரு மழைக்காலம் தாங்காது.

வாசலில் தளம் போட்டதுபோக நூறு பேவர் பிளாக்குகள் மிஞ்சிக் கிடந்தன. ஒவ்வொன்றும் 20 செ.மீ. நீளம், 10 அகலம், 6 கனம். ஒரு வரிசைக்கு நான்கு வீதம், இணைப்பின்மேல் இணைப்பு வராமல் மாற்றி மாற்றி 12 வரிசை அடுக்கினால் 72 செ.மீ. பலகையின் கனம் 3 சேர்ந்தால் 75. நாற்காலி போட்டு எழுதுவதற்குச் சரியான உயரம். இரண்டு தூண்களுக்கு 96 கற்கள் போயின. மேலே கடப்பைக்கல் போட்டுவிடலாமே என்றார் கொத்தனார். நான்கடிக்கு இரண்டடி, ஓரங்குலக் கனம் என்றால் அதுவே ஐம்பது கிலோ. நடுவில் தாங்கல் இல்லாமல் யாராவது அழுத்தி உட்கார்ந்தால் வெடித்துவிடும். அதோடு அது சுண்ணாம்புக்கல். எலுமிச்சம்பழச் சாறு ஒரு சொட்டு விழுந்தாலும் வெளுத்துப்போகும்.

பலகை ஊரிலிருந்து வந்தது. தஞ்சைப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டைப் பங்காளிகள் சேர்ந்து விற்றோம். வாங்கியவர் இடிக்கத் தொடங்கியபோது, நான் கேட்டது உக்கிராண அறையின் சின்னக் கதவு ஒன்றைத்தான். தச்சர் ஓர் ஓரத்தைச் சுரண்டி முகர்ந்து பார்த்து, "பர்மா தேக்கு சார்" என்றார். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததோடு கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த அந்த மரம் நின்றுபோனது. ஆக, கதவுக்கு என்னைவிட வயது அதிகம்.

உட்புறத்தில் இரண்டு குறுக்குச் சட்டங்கள். அந்தப் பக்கம் கீழே வரும்படி வைத்தால் சட்டங்கள் தூண்களுக்கு வெளியே உட்கார்ந்து, பலகை நகராமல் பிடித்துக்கொள்ளும். ஆணியே வேண்டாம்.

"ரெண்டு பக்கமும் இழைச்சிடறேன், பளபளன்னு ஆயிடும்" என்றார் தச்சர். கீழ்ப்பக்கம் கைவைக்க வேண்டாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. இரண்டு சட்டங்களுக்கும் நடுவே வெள்ளையாகச் சில கோடுகள் இருப்பதைக் காட்டினேன்.

அது எங்கள் பாட்டியின் பால் கணக்கு. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலையில் பால் வாங்கி வைத்ததும், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை விரலில் தொட்டுக் கதவின் உட்புறத்தில் இழுப்பாள். ஓர் உழக்குக்கு ஒரு கோடு, ஆழாக்கு என்றால் ஒரு புள்ளி. மாதம் முடிந்து பணம் கொடுத்ததும் தேங்காய் நாரால் தேய்த்து அழித்துவிடுவாள். சுண்ணாம்பு காற்றுப் பட்டுப் பட்டுக் கல்லாக இறுகும் இல்லையா, அழித்த இடங்களிலும் லேசாக நிழல் தெரிகிறது.

அழிக்காத வரிசை ஒன்றுதான். பதினேழு கோடுகள், நான்கு புள்ளிகள். 1968இல் பாட்டி போன மாதத்துக் கணக்கு அது. மறுமாதம் அப்பா பணத்தை நீட்டியபோது பால்காரக் கோனார் வாங்க மறுத்துவிட்டாராம்.