இறந்தகாலம்

ஆங்கிலத்தின் ‘பாஸ்ட் டென்ஸ்’ என்பதற்கு ஈடாகப் பள்ளி நூல்கள் வழங்கும் இறந்தகாலம் என்னும் சொல் சாவைச் சுட்டுவதன்று. ‘இற’ என்னும் வினையடிக்குக் கடத்தல் என்பதே பழம்பொருளாக இருக்க, உயிர் நீங்குதல் என்னும் பொருள் பின்னர்க் கிளைத்தது. ‘பாஸ்ட்’ என்பதும் கடத்தலைக் குறிக்கும் ‘பாஸ்’ என்னும் வினையின் எச்சவடிவமே. ‘டென்ஸ்’ என்பது காலம் எனப் பொருள்படும் ‘டெம்புஸ்’ என்னும் இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்த உருவாகும்.

வந்தவாசியின் கோரைப்பாய்த் தறியிலும் ஆரணியின் பட்டுத்தறியிலும் வழங்கும் ‘நெய்’ என்னும் வினை, நெய்தான், நெய்கிறான், நெய்வான் எனப் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நிற்கும் இடைநிலையால் காலம் காட்டுகிறது. அதற்கு நேரான ‘வீவ்’ என்னும் ஆங்கில வினையோ ‘வோவ்’, ‘வோவன்’ என உள்ளுயிர் திரிந்து காலம் காட்டும் பழைய வகையைச் சேர்ந்தது. எதிர்காலத்திற்கு அம்மொழியில் தனி விகுதி இல்லாமையால், முன்பு ‘விரும்பு’ எனப் பொருள்பட்ட ‘வில்’ துணைவினையாக வந்து உதவுகிறது; ஆங்கிலத்திற்குக் காலம் இரண்டே எனச் சில இலக்கணிகள் கொள்வது இதனாலேயாம்.

வந்தவாசி என்னும் ஊர்ப்பெயரின் தோற்றம் எதுவாயினும், அதன் முற்பகுதி ‘வந்த’ என்னும் இறந்தகாலப் பெயரெச்ச வடிவிலேயே தோன்றுகிறது. ‘வா’ குறுகி, தகரச் சந்தி நகரமாகத் திரிந்து, தகர இடைநிலையும் அகர விகுதியும் சேர்ந்ததே ‘வந்த’. 1760இல் அவ்வூரில் நடந்த போரைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர் அப்பெயரை ‘வாண்டிவாஷ்’ ஆக்கியபோது பெயரெச்சம் உருத்தெரியாமல் போயிற்று.