கிதிர்பூர்ச் சாலையில் விழுந்த இரும்பு

களவுக்கும் கொலைக்கும் நமது நாட்டில் 1860-ஆம் ஆண்டிலேயே தண்டனைச் சட்டம் எழுதப்பட்டுவிட்டது. ஒப்பந்தத்துக்கு 1872-இல் தனிச் சட்டம் பிறந்தது. ஆனால் அஜாக்கிரதையால் ஒருவன் இன்னொருவனுக்கு விளைக்கும் நஷ்டத்தையும், அயலான் நிலத்தில் அத்துமீறிப் புகுவதையும், புகையாலும் இரைச்சலாலும் பக்கத்து வீட்டாரின் நிம்மதியைக் குலைப்பதையும், நாவாலும் பேனாவாலும் பிறர் மானத்தைக் கெடுப்பதையும் பணத்தால் ஈடுகட்டச் செய்கிற சிவில் சட்டப் பகுதியை மட்டும், ஸர் பிரெடெரிக் பொல்லாக் 1886-இல் சர்க்காருக்காக ஒரு நகல் வரைந்து கொடுத்த பிறகும், எவரும் முழுச் சட்டமாக இயற்றவில்லை. தீர்ப்புகளின் வழியாகவே அது வளர்ந்தது. அதில் சர்க்காரைப் பற்றிய அத்தியாயம் கல்கத்தாவில் நேர்ந்த ஒரு சாலை விபத்தில் தொடங்குகிறது.

1859 ஆகஸ்டில், பெனின்சுலர் அண்டு ஓரியண்டல் கப்பல் கம்பெனிக்குச் சொந்தமான இரட்டைக் குதிரை வண்டி கார்டன் ரீச்சிலிருந்து நகரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. கிதிர்பூரில் சர்க்காரின் கப்பல் தளத்தருகே, நீராவிக் கப்பலின் புகைபோக்கிக்கு உறையாகும் இரும்புத் துண்டொன்றை, 8, 9 அடி நீளமுள்ளதை, தளத்துத் தொழிலாளிகள் நடுச்சாலையில் சுமந்து சென்றார்கள். வண்டியின் பக்கமிருந்து எச்சரிக்கைக் குரல் எழுந்தது. முன்னால் இருந்தவர்கள் ஒரு பக்கமும் பின்னால் இருந்தவர்கள் மறு பக்கமுமாக ஒதுங்கப் பார்க்க, அந்தத் தடுமாற்றத்தில் வண்டி நெருங்கிவிட, மிரண்டுபோனவர்கள் இரும்பைத் தொப்பென்று போட்டுவிட்டு ஓடினார்கள். அது விழுந்த ஓசையில் வெருண்ட குதிரைகள் பாய்ந்து இரும்பின்மேல் விழுந்தன. ஒன்றுக்குப் பலத்த காயம். கம்பெனியார் கேட்ட நஷ்டஈடு 350 ரூபாய்.

வழக்கு முதலில் சென்றது கல்கத்தா ஸ்மால் காஸ் கோர்ட்டுக்கு. தொழிலாளிகளின் அஜாக்கிரதை ருசுவாகிவிட்டது. வேலைக்காரன் வேலையின்போது செய்த பிழைக்கு எஜமான் பொறுப்பாளி என்பதும் பழைய விதிதான். ஆனால் இங்கே எஜமான் சர்க்கார்! அரசன் தவறிழைக்க முடியாது என்று இங்கிலாந்தில் நிலவிய கொள்கையால் அங்கே மகுடத்தின்மேல் இத்தகைய வழக்கே தொடுக்க இயலாது. கன்றின்மேல் தேர் ஏறியதற்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட திருவாரூர்ச் சோழனின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கொள்கை அந்நியமாகவே தோன்றும். கீழ்க் கோர்ட்டு நீதிபதி இந்தச் சட்டப் பிரச்சினையைத் தாமே முடிவு செய்யாமல் அந்நாளில் கல்கத்தாவிலிருந்த ஸுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்பியது விவேகமான காரியம்.

1861-இல் பிரதம நீதிபதி ஸர் பார்ன்ஸ் பீக்காக் விடை தந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரியாகவும் ஆட்சியாளனாகவும் ஒருங்கே இருந்தது. அதன்மேல் எந்தெந்த வழக்கு நிற்குமோ அவையெல்லாம் சர்க்காரின் பிரதிநிதியான இந்தியா மந்திரியின் மேலும் நிற்கும் என்று 1858-ஆம் வருஷத்துச் சட்டம் கூறியது. கப்பல் தளம் நடத்துவதோ எந்தத் தனி மனிதனும் செய்யக்கூடிய தொழில். ஆகவே சர்க்கார் பணம் கொடுக்க வேண்டியதே. இங்கிலாந்து இதே நியாயத்தைத் தன் பிரஜைகளுக்குச் சட்டமாக்கியது 1947-இல்தான் என்பதை எண்ணும்போது, அந்தத் தீர்ப்பின் பெருமை விளங்கும்.

எனினும் அரசுரிமையை நேரே செலுத்திச் செய்யும் காரியங்களுக்கு வழக்கு இல்லை என்ற கருத்தும் அதே தீர்ப்பில் இடம்பெற்றிருந்தது. குதிரைக்கு நியாயம் வழங்க அது தேவையே இல்லை. பிற்காலத்தில் சர்க்கார் வக்கீல்கள் கேடயமாகப் பிடித்துக்கொண்டது அதைத்தான். கஞ்சாக் கடை லைசென்ஸ் ஏலத்தைப் பற்றிய வழக்கில் 1875-இல் கல்கத்தா ஹைகோர்ட் அந்தக் கேடயத்தை ஏற்றது. ஆனால் 1882-இல் மதராஸ் ஹைகோர்ட் ஓர் உப்பு வரி வழக்கில், சட்டத்தின் பெயரால் சர்க்கார் செய்ததைச் சட்டத்தைக் கொண்டே கோர்ட்டு விசாரிக்கலாம் என்றும், உள்நாட்டுச் சட்டத்துக்குப் புறம்பான ராஜ்ய காரியங்களுக்கே விலக்கு என்றும் கூறியது. இவ்விரண்டில் மதராஸின் வழியே நேர்மையானது என்பது என் துணிபு.

சுதந்திர இந்தியாவில் வென்றதோ கல்கத்தாவின் குறுகிய வழி. 1947-இல் மீரத் போலீஸார் ஒரு நகை வியாபாரியிடம் கைப்பற்றிய நூறு தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தை ஒரு ஹெட் கான்ஸ்டேபிள் அபகரித்துப் பாகிஸ்தானுக்கு ஓடிவிட, கஸ்தூரிலால் வழக்கு என்று பெயர்பெற்ற அந்த விவகாரத்தில், கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் அரசுரிமைச் செயல்களாதலால் ஈடு இல்லை என்று டில்லி சுப்ரீம் கோர்ட் கையை விரித்தது. காயம்பட்ட குதிரைக்குக் கிடைத்த நியாயம் தங்கத்தைப் பறிகொடுத்தவருக்குக் கிடைக்கவில்லை. சட்டம் இயற்றித்தான் இக்குறையைத் தீர்க்க வேண்டுமென்று அந்த நீதிபதிகளே வற்புறுத்தினார்கள். 1956-இல் வெளியான சட்டக் கமிஷனின் முதல் அறிக்கையும் இதைப் பற்றியதே. 1965-இலும் 1967-இலும் பார்லிமெண்டில் வந்த மசோதாக்கள் நிறைவேறவில்லை. இன்றும் அரசியலமைப்பின் 300-ஆம் ஷரத்தைப் பிடித்துச் சர்க்காரிடம் நஷ்டஈடு கேட்கும் வக்கீல் கிதிர்பூர் வழக்கையே முதலில் எடுத்து வாசிக்கிறார்.